சுட்டியின் வயிற்றில் எத்தனை குடி

1

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கிறது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்புத் தரையில் நான்கு பாதைகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு பாதையிலும் குறுக்கே வெள்ளைக் கோடுகள். சில தடிப்பாகவும் சில மயிரிழை போலவும் இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் கீறிய ஒரு சிறிய உருவமும் உண்டு.

சித்திரை வருசப்பிறப்பன்று வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு அண்ணர் தண்ணீர் எடுக்க எழும்பிப் போனவர், அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, வீட்டில ஆருக்கு ஸ்கான் எடுத்த? பயப்பிடுற மாதிரி ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

கேள்வி கேட்டால் எனக்கு வாய் உடனே திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொல்ல வேண்டியதை உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே எடுப்பதற்குள் கேட்டவர் வேறு கதைக்குப் போய்விடுவார். அன்றும் நான் உள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைக்குள்ளிருந்து வேறொரு குரல் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அது விளங்க வேண்டுமானால் ஒரு செம்மறியாட்டின் வயிற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில் என்ன வேலை என்று கேட்டால், பண்ணையில் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

2

நோர்வேக்கு வந்த புதிதில் வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன படித்தாய் என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்பு என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய கணினியில் அவ்வளவு கீழே இறங்க இடமில்லையாம். சரி, என்ன வேலை தெரியும் என்றாள். மாடு பார்க்கத் தெரியும் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. எத்தனை மாடு பார்த்தாய் என்று கேட்டாள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் வீடு வெல்லாவெளிப் பக்கம். அம்மாவுக்குச் சீதனமாக வந்து பெருகிய பட்டி அது. காலையில் மேய்ச்சலுக்கு இறங்கினால் எழும்பிய புழுதி அடங்கக் கனநேரம் எடுக்கும். ஆனால் பட்டியை வாய்விட்டு எண்ணுவது எங்கள் வீட்டில் இல்லை. எண்ணினால் கண்ணூறு படும். எந்த மாடு எந்தத் தாயின் கன்று என்று எல்லாருக்கும் தெரியும்; எத்தனை என்று கேட்டால் மட்டும், "இரிக்கு, கொஞ்சம்" என்பதுதான் பதில். கடல் கடந்து வந்தாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. கொஞ்சம் என்றேன். மொழிபெயர்த்தவரும் உள்ளபடியே கொஞ்சம் என்றார். அவள் அனுதாபத்தோடு தலையாட்டி அதையே பதிந்துகொண்டாள்.

கொஞ்ச மாடு பார்த்தவனுக்குக் கொஞ்ச ஆடு கிடைத்தது. ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு செம்மறிகள். தீன் வைப்பது, தொழுவம் கழுவுவது, ஆய்வுக்காரர் வரும்போது ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இந்தக் கதையை என் மனைவி யோகத்திடம் சொன்னபோது அவள் சிரித்து முடியக் கறி அடிப்பிடித்துவிட்டது. "உள்ளதைச் சொல்லியிருந்தா மாட்டுப் பண்ணைக்கே மனேஜரா விட்டிருப்பாங்க" என்றாள்.

நான்கும் சாதாரண ஆடுகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்து விலாவுக்குப் பின்னால் மூன்று விரல் போகும் அளவுக்குத் துளை வைத்து, அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்தால் நேரே முதல் இரைப்பை. தின்ற புல் ஊறிக் கிடந்து, திரும்ப வாய்க்கு வந்து அசைபோடப்படக் காத்திருக்கும் இடம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. ஆடோ, மூடி திறந்திருக்கும்போதே வைக்கோலைத் தின்றுகொண்டு நின்றது. அதற்கு வலிக்கவில்லை என்பதை அதன் வாயைப் பார்த்துத்தான் நம்பினேன்.

பெயர் வைக்கக் கூடாது, இலக்கம் மட்டும்தான் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். நான்காம் இலக்கத்துக்கு முகம் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை. எங்கள் பட்டியில் அப்படி ஒரு கன்று விழுந்தால் வேறு பெயர் தேட மாட்டோம். சுட்டி என்போம்.

3

அந்த நான்கு வயிறுகளுக்குள்ளும் எத்தனை வகைப் பக்டீரியாக்கள் இருக்கின்றன என்று அளப்பது மாரிட் என்ற பெண்ணின் வேலை. கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். புல்லைச் செரிப்பது ஆடு இல்லை, ஆட்டுக்குள் இருக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான் என்றும், அதில் வகைகள் குறைந்தால் ஆடு நோயில் விழும் என்றும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எண்ணுவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் ஒருநாள், சுட்டியின் வயிற்றுச் சாற்றைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் எடுத்து, இறுக மூடி என் கையில் தந்து, ஆய்வுகூடத்தில் வைக்கச் சொன்னாள். நான் போனதும் மூடியைக் கழற்றிவிட்டு, போத்தலின் வாயைச் சுத்தமான துணியால் கட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றினால் சட்டியின் வாயை அப்படித்தான் கட்டுவோம். பாலில் வேலை செய்கிறவைக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அடுத்த கிழமை மாரிட்டின் கண்ணாடிக் குழாய்களில் ஒன்றும் வளரவில்லை. தேடிக்கொண்டு வந்தவள் துணியைக் கண்டாள். நான் தெரிந்த சொற்களில் தயிர்ச்சட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். ஆட்டின் வயிற்றுக்குள் காற்றே இல்லையாம். அங்கே வாழ்பவற்றில் மிகப் பலவற்றுக்குக் காற்றுப் பட்டாலே சாவுதான். தயிரில் இருப்பவை காற்றைப் பொறுத்துக்கொள்ளும் வேறு கூட்டம். "பாவம், நீ அவற்றைக் காற்று வாங்கக் கூட்டிப் போய்விட்டாய்" என்றாள். அதன் பிறகு எனக்கு அவளிடம் பயம் போய்விட்டது. கோப்பி குடிக்கும் நேரங்களில் அவள் தன் வேலையை எனக்குச் சொல்லத் தொடங்கினாள்.

அளப்பதற்கு முதல் வழி அந்தக் குழாய்கள்தான். காற்றை எடுத்துவிட்ட குழாய்க்குள் தீனி வைத்து, சாற்றில் ஒரு துளி விட்டு, எது வளர்கிறது என்று பார்ப்பது. பழைய வழி, நல்ல வழி. ஆனால் குழாய்க்குள் வளரச் சம்மதிப்பவை மட்டும்தான் கணக்கில் வரும். கல்யாணப் பந்தியில் இருந்தவர்களை வைத்து ஊரை அளப்பது போன்றது. கோபக்காரரும் கூச்சக்காரரும் அதில் இல்லை. அந்த வழியில் அளந்தால் நான் ஒருநாளும் அகப்பட மாட்டேன்.

இரண்டாவது, நுணுக்குக்காட்டி. என்னையும் ஒருநாள் கண் வைத்துப் பார்க்கச் சொன்னாள். உடம்பெல்லாம் மயிர் முளைத்த பெரிய உயிர்கள், வாவியில் தோணி திரும்புவதைப் போல மெதுவாகத் திரும்பின. அவற்றின் இடையில் பக்டீரியாக்கள் பொடியாக, உருண்டையும் குச்சியுமாகக் கிடந்தன. நான் நேரம் போவது தெரியாமல் பார்த்தேன். ஆனால் ஒரு உருண்டைக்கும் மற்ற உருண்டைக்கும் உருவத்தில் வித்தியாசம் தெரியாது, ஆகவே இதை வைத்தும் வகை பிரிக்க முடியாது என்றாள்.

மூன்றாவது வழியில்தான் அவள் நிற்கிறாள். சாற்றில் உள்ள எல்லாவற்றையும் மிகச் சிறிய மணிகளோடு போட்டுக் குலுக்கி உடைத்து, உள்ளே இருக்கும் மரபணு இழையை எடுப்பாள். எல்லா வகையிலும் இருக்கிற, ஆனால் வகைக்கு வகை சிறிது மாறுகிற ஒரு துண்டை மட்டும் பல கோடியாகப் படியெடுப்பாள். பிறகு ஜெலி போன்ற ஒரு தகட்டின் மேல் விளிம்பில் அதை விட்டு மின்சாரம் கொடுப்பாள். துண்டுகள் கீழே நகரும். கீழே போகப் போகத் தகட்டில் கலந்திருக்கும் மருந்தின் கடுமை கூடும். ஒவ்வொரு வகையும் தன்னால் தாங்க முடியாத இடம் வந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு கோடு.

இது எனக்கு உடனே விளங்கியது. ஒரு கூட்டம் கரையிலிருந்து வாவிக்குள் இறங்கி நடந்தால், ஆழம் கூடக் கூட, கழுத்தளவு தண்ணீர் வந்த இடத்தில் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். கட்டையானவர் முதலில் நிற்பார், நெட்டையானவர் கடைசியில். ஒரே உயரக்காரர் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அதுவும் ஒரு தொல்லைதான் என்றாள் மாரிட். வேறு வேறு வகைகள் இரண்டு ஒரே இடத்தில் நிற்கலாம். மிகக் குறைவாக இருப்பவை கோடாகத் தெரியாமலே போகலாம். "அதனால் இத்தனை வகை என்று அறுதியாகச் சொல்ல மாட்டேன். நான்கு ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மட்டும் சொல்வேன்."

அவளும் 'இரிக்கு, கொஞ்சம்' என்கிற ஆள்தான் என்று எனக்குப் பட்டது. அந்தத் துண்டு ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தாயிடமிருந்துதான் என்றாள். இவற்றுக்குத் தகப்பன் கிடையாது. ஒன்று இரண்டாகப் பிரியும்போது அந்த அடையாளம் அப்படியே பிள்ளைக்குப் போகும்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. உள்ளே சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவள் கோப்பிக் கோப்பையைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். மாலையில் அதைச் சுட்டியிடம் சொன்னேன். என் ஆடுகளோடு நான் தமிழில்தான் பேசுவேன்.

4

அந்த மாரிகாலத்தில் ஒரு காலை நான் போனபோது சுட்டியின் அடைப்பு திறந்து கிடந்தது. மூக்கால் கொளுக்கியைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, தீன் பெட்டியில் இருந்த பார்லியை வயிறு முட்டத் தின்றிருக்கிறாள். தரையில் கிடந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். வயிறு தண்ணீர்ப் பை போலக் குலுங்கியது. மாரிட் ஓடிவந்து மூடியைத் திறந்ததும் எழுந்த மணம் எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். பல நாள் புளிக்க விட்ட தயிர்.

தானியம் அளவுக்கு மிஞ்சினால் புளிப்பை உண்டாக்கும் கூட்டம் திடீரென்று பெருகி, அந்தப் புளிப்பே மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிடுமாம். அந்தக் கூட்டம் தயிரில் இருப்பவற்றின் சொந்தக்காரர்தான் என்றாள் மாரிட். மிருக வைத்தியர் வந்தார். உள்ளே இருந்ததைக் குழாய் வைத்து எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவினார். பிறகு மற்ற மூன்று ஆடுகளின் வயிற்றிலிருந்து சாறு எடுத்து, காற்றுப் படாமல் கொண்டுவந்து சுட்டிக்குள் விட்டார். நான் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இம்முறை துணி கட்டவில்லை.

வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னேன். அவள் வேலை செய்துகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப அவட வயித்துக்க உறை செத்துப் போச்சு. நீங்க அயல் வீட்டில உறை வாங்கி ஊத்தியிரிக்கிங்க. அவ்வளவுதானே" என்றாள். வைத்தியர் அரை நாள் செய்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிறகும் கேட்கவில்லை.

ஆனால் பயம் வேறு இடத்தில் இருந்தது. ஆய்வுக்கு நான்கு ஆடும் வேண்டும். நான்கும் முன்பிருந்த நிலையில் இருக்க வேண்டும். மாரிட்டின் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, பனி உருகி அடுத்த சுற்று ஆய்வு தொடங்கும்போது நான்காம் இலக்கத்தின் கோடுகள் பழையபடி வந்திருக்காவிட்டால் அதை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் என்றார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். எடுத்துவிட்ட ஆடு எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. நிலையத்துக்கு வந்து ஆடு ஏற்றும் லொறி ஒன்றுதான். அது எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கழுவுவதற்கு முன் எடுத்திருந்த சாற்றின் படத்தை அந்தக் கிழமை மாரிட் காட்டினாள். மூன்று பாதைகளில் ஏணிப்படிபோலக் கோடுகள். சுட்டியின் பாதை வெறும் கறுப்பு. நடுவில் ஒரேயொரு தடித்த கோடு மட்டும். ஊர் முழுவதும் வெளிக்கிட்டுப் போன பிறகு ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவதைப் போல இருந்தது. அதுவும் வேண்டாத ஆளின் வீடு.

5

என் மகள் அபிக்குப் பத்து வயது. இங்கேதான் பிறந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். நான் நோர்வே மொழியில் ஏதாவது சொல்லப் போனால் கையால் முகத்தை மூடிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் அப்பா ஆய்வுகூடத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறாள். பொய் இல்லை. ஆனால் வேலை முடிந்து நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வரவேண்டாம், முதலில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று தாயிடம் சொல்லி அனுப்புவாள். நான் குளித்துவிட்டுத்தான் போவேன். ஆட்டு மணம் பிள்ளைக்குப் பிடிக்காததில் என்ன குற்றம்?

யோகம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சுட்டி விழுந்த கிழமையில் அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை வந்தது. அபியைத் தனியே விட முடியாது. நான் தொழுவத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் கழுத்துத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிறகு, கிடக்கிற ஆட்டைக் கண்டு கிட்ட வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். கோடுகள் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். எனக்கு மறைக்கவும் தெரியவில்லை, அதையும் சொன்னேன். கழுத்துத் துண்டை எடுத்து ஆட்டின் மேல் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவளாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

சுட்டி எழும்பி நிற்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் வைக்கோலைத் தொடவில்லை. அபி ஒரு பிடி வைக்கோலோடு அவளை நோர்வே மொழியில் கூப்பிட்டுப் பார்த்தாள், பாட்டுப் பாடினாள், கெஞ்சினாள். ஆடு காதைக்கூட அசைக்கவில்லை.

"அவளுக்குத் தமிழ்தான் விளங்கும் புள்ள" என்றேன்.

அபி என்னைப் பார்த்தாள். சுற்றிலும் வேறு யாரும் இருக்கிறார்களா என்றும் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "இஞ்ச வா சுட்டி. வா மனே. தின்னுகா" என்றாள். தாயின் குரலும் என் குரலும் கலந்த அந்தத் தமிழை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. ஆணுக்குச் சொல்லும் 'மனே'யும் பெண்ணுக்குச் சொல்லும் 'கா'வும் ஒன்றாகவே வந்தன. ஆடு அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக் கையிலிருந்த வைக்கோலில் ஒரு துரும்பை இழுத்தது. அன்று வீட்டுக்கு வரும்வரை அபி அந்தத் துரும்பைப் பற்றித்தான் பேசினாள். பாதி தமிழில்.

6

அந்த நாட்களில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. சண்டையால் வெல்லாவெளியிலிருந்து வெளிக்கிட்டு, களுதாவளையில் சொந்தக்காரர் வளவில் இருக்கிறாள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் பட்டி விட்டது விட்டபடி நின்றது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் அவள். நடுவில் தண்ணீரும் காவலரண்களும். வழக்கமாக அவள் எடுத்தால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும். அன்று குரலிலேயே சிரிப்பு இருந்தது.

"தம்பி, நம்மட மாடு ஒண்டு உயிரோட நிக்கிது. வவுணதீவில" என்றாள்.

அங்கே வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், வயல் செய்யும் ஒருவருடைய மாடுகளோடு எங்கள் பசு ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரை எங்களில் யாருக்கும் முன்பின் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வரும் வம்சத்தைக் குடி என்போம்; மாட்டுக்கு ஒரு பக்கத்தில் அந்தக் குடிக்குறியும் மற்றப் பக்கத்தில் சொந்தக்காரரின் எழுத்தும் சுட்டிருக்கும். குடிக்குறியைப் பார்த்து, எழுத்தைப் பார்த்து, அங்கே இங்கே விசாரித்து, அக்காவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அத்தான் துறை கடந்து போய்ப் பார்த்தார். பசுவோடு ஒரு கன்றும் நின்றதாம். காட்டில் பிறந்த, குறி சுடாத கன்று. இது உங்கள் மாடுகளோடு வளர்ந்ததுதானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று அத்தான் சொல்ல, அந்த மனிதர் மறுத்துவிட்டார். "தாய்க்குப் பின்னால போறது தாயிட குடி. நான் எப்பிடி வைக்கிற" என்றாராம். நிலைமை சரியாகும்வரை இரண்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் வாலிபனாக இருந்தபோதும் ஒருமுறை இப்படி நடந்தது. சனம் எல்லாம் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடி, திரும்பி வந்தபோது பல ஊர் மாடுகள் ஒன்றாகி ஒரு வட்டைக்குள் நின்றன. ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். ஒருவர் மாட்டைத் திருப்பிக் குறியைச் சத்தமாகச் சொல்வார், அந்தக் குடிக்காரர் வந்து எழுத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். தன் மாட்டைக் கண்ட ஒரு மனிசி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்கேடி போனாய் என்று அதற்குப் பேச்சுக் கொடுத்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். அங்கேயே சமைத்தோம். எத்தனை மாடு என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. எந்தெந்தக் குடி நிற்கிறது, எந்தக் குடியைக் காணவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

மாரிட்டுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். சனிக்கிழமை அபியிடம் சொன்னேன். கோப்பியோடு வந்த மாரிட் கேட்டுக்கொண்டு நிற்க, அபி அதை நோர்வே மொழிக்கு மாற்றினாள். எனக்கு வேலை தேடித் தந்த அலுவலகத்தில் இருந்தவரைவிட நல்ல மொழிபெயர்ப்பு. நானே சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன்.

"அப்படியென்றால் என் துண்டுதான் உங்கள் குறி" என்றாள் மாரிட். "தாயிடமிருந்து வருவது."

7

பனி உருகி, தொழுவத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் மாரிட் புதிய படத்தைக் கொண்டுவந்தாள். அன்றும் சனிக்கிழமைதான். அபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் அவள் அந்தக் கையைப் பிடிப்பதை விட்டு எவ்வளவோ காலம்.

சுட்டியின் பாதையில் கோடுகள் இருந்தன. மற்ற மூன்றிலும் இருக்கும் கோடுகள், அதே உயரங்களில், வரிசை வரிசையாக. நடுவில் இருந்த அந்தத் தடித்த கோடு மெலிந்து அடங்கியிருந்தது. ஆனால் மாரிட்டின் நெற்றி சுருங்கியிருந்தது. கீழே ஓரிடத்தில், சுட்டியின் பாதையில் மட்டும், வேறு எந்த ஆட்டிலும் இல்லாத ஒரு மெல்லிய கோடு. நான்கும் ஒன்றுபோல வராவிட்டால் பேராசிரியர் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் உள்ளே போய், சுட்டி நோயில் விழுவதற்கு முன் எடுத்த பழைய படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே இடத்தில் அதே மெல்லிய கோடு இருந்தது.

அது சுட்டிக்குச் சொந்தமானது. வயிற்றைக் காலி செய்து, கழுவி, அயலாரின் சாற்றை ஊற்றிய பிறகும் எங்கோ சுவர் மடிப்பில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இடையில் எடுத்த படத்தில் அது தெரியாமல் போனது, கோடாகத் தெரியும் அளவுக்கு இல்லாததால். இருந்ததுதான் என்றாள் மாரிட்.

பேராசிரியர் வந்தார். இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுட்டியின் அருகே போய், அவள் கண்ணை அரைவாசி மூடி, தாடையை ஒரு பக்கமாகத் தள்ளி அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மற்ற ஆடுகளைப் போல இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, முன்பு இருந்ததைப் போல இருக்கிறதா என்றுதான் கேட்டேன். இருக்கிறது, நிற்கட்டும்" என்றார். அபி ஓடிப்போய்ச் சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தமிழ்.

மாரிட் படத்தின் பிரதி ஒன்றை அபிக்குக் கொடுத்தாள். அதுதான் குளிர்ப்பெட்டியில் இருப்பது. ஒட்டிய அன்று அபி விரலை வைத்துக் கோடுகளை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கினாள். யோகம் அடுப்படியிலிருந்தபடியே, "எண்ணாத புள்ள, கண்ணூறு படும்" என்று அதட்டினாள். அபி விரலை எடுத்துவிட்டாள். "அம்மா, குறி சுடாத கன்றுக்குத் தாயிட குறிதானே. அப்ப எனக்கு என்ன குறி?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் யோகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நீ என்ட குடி. உங்க அப்பாட குடி இல்ல. அவர் இதில ஒண்டும் கதைக்க ஏலாது" என்று பெருமையோடு சொல்லி, பென்சிலை எடுத்துத் தன் தாய்வீட்டு மாடுகளுக்குச் சுடும் குறியைக் கடதாசியில் கீறிக் காட்டினாள். ஒரு அரைவட்டம், மேலே ஒரு கோடு. அபி அதைப் பார்த்து, படத்தின் ஓரத்தில், சுட்டியின் அந்த மெல்லிய கோட்டுக்கு நேரே கீறினாள். சுட்டியை அவள் யாரிடமும் கேளாமல் தாய்வழியில் சேர்த்துவிட்டாள். இப்போது என் வீட்டில் என் குடியில் நான் ஒருவன்தான்.

வருசப்பிறப்பன்று அந்த அண்ணர் ஸ்கான் ஆருக்கு என்று கேட்டபோது, நான் இவ்வளவையும் எங்கிருந்து தொடங்குவது என்று உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தேன். அபி அறைக்குள்ளிருந்தே, "ஸ்கான் இல்ல மாமா. அது சுட்டிட வயிறு. சுட்டி எங்கட ஆடு. உள்ள இரிக்கிற குடி எல்லாம் அதில தெரியும்" என்றாள்.

அவர் எழும்பிப் போய் மறுபடியும் படத்துக்குக் கிட்ட நின்று, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "ஆட்டிட வயித்துக்க குடியா? எத்தனை குடி மகள் இரிக்கு?"

அபி உள்ளேயிருந்தே சொன்னாள்.

"இரிக்கு மாமா, கொஞ்சம்."